இப்படிக்கு, கால்

நன்னிலம் தபாலாபீசில்
ஐந்து ரூபாய்க்கு வந்திருக்கிறார்
ப்ரொபசர் வைரக்கண்ணு.
திருவாரூரில் பந்தல் போட்டு
கலெக்டர் வெளியிட்டாராம்,
பேரன் பெற்றுக்கொண்டானாம்.
ஓரமெல்லாம் பல் வைத்த காகிதத்தில்
தலைப்பாகை, மீசை, கையில் ரம்பம்.
பெட்டியின் இடது கோடியில் சிரிக்கிற ஒரு முகம்.
வலது கோடியில் வெளியே நீட்டிய
இரண்டு பாதம்.

முகம் பிலோமினா.
பாதம் நான்.

சொல்லக்கூடாதென்று
சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள் நான்.
பிலோமினா மாதா படத்தில் கை வைத்தாள்.
வாய் இன்றுவரை சொன்னதில்லை.
இது கால் சொல்வது.

தாளடி அறுத்து முடிந்து
ஊர்க்காரன் மடியில் காசு புரளும்போதுதான்
எங்கள் அறுப்பு.
பேரளம், பூந்தோட்டம், குடவாசல்,
கொரடாச்சேரியில் மட்டும் பதினொரு ராத்திரி.
டிக்கெட்டுக்குக் காசில்லாதவனிடம்
ஒரு படி நெல் வாங்கிக்கொள்வார்.
அதைத்தான் வேகவைத்துக் குத்தித் தின்றோம்.

முகத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஆள் எடுத்தார்,
நல்ல சிவப்பாய்.
காலுக்கு
நடவு வயலிலிருந்து என்னைக் கரையேறச் சொன்னார்.
"பாதம் சின்னதா இருக்கு. வர்றியா?"
சேற்றுப்புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று.
வெடிப்புக்கு மெழுகு, மேலே ரோஸ் பவுடர்,
பத்து விரலுக்கும் க்யூடெக்ஸ்.
கணுக்கால் வரை பிலோமினா,
அதற்கு மேலே நான்.
முகத்துக்கு எட்டு ரூபாய் கூலி,
காலுக்கு மூன்று.

அவள் முட்டியை நெஞ்சோடு மடக்கி முன்பாதியில்,
நான் கழுத்தை ஒடித்துக்கொண்டு பின்பாதியில்.
நடுவில் ரம்பம் இறங்கும்.
மரத்தூள் மூக்கில் ஏறும், தும்மக்கூடாது.
அறுபட்டவளின் கால் தும்மினால்
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பான்.
பெட்டியை இரண்டாய்த் தள்ளி
இடைவெளியில் அவர் நடந்து காட்டும்போது
கொட்டகை மூச்சு விடாது.
அப்புறம் என் மரத்தில் கோலால் மூன்று தட்டு.
டொக். டொக். டொக்.
விரலை ஆட்டுவேன்.
அப்போது விழும் பாருங்கள் கைதட்டல்,
அது எனக்கு.
எழுந்து வந்து கும்பிட்டது பிலோமினா.

ஒருநாள் வலங்கைமானில்
பெட்டிக்குள் படுத்தபடி அவள் அழுதாளாம்,
ஜனங்களுக்கு முன்னால், சத்தமில்லாமல்.
எனக்கு எப்படித் தெரியும்?
மறு பாதியில் அல்லவா கிடந்தேன்.
முகம் அழுகிறது, கால் ஆடுகிறது.
அதற்கும் தட்டினார்கள்.
ஏன் அழுதாய் என்று கேட்டதற்கு
"உன்கிட்ட சொன்னா
உன் கால் நின்னுடும்" என்றாள்.

அச்சடித்தவன் இரண்டு கோடிக்கும்
ஒரே சிவப்பைப் பூசியிருக்கிறான்.
பவுடர் செலவு மிச்சம்.

"தெரிஞ்சவராம்மா?" என்றது கவுண்டர் பெண்.
"இல்ல. வித்தை பாத்திருக்கேன்."
பெட்டிக்குள்ளிருந்து
என்னத்தைப் பார்த்தேன்?

ஒன்று வாங்கினேன்.
உறைக்குள் வைத்த தாளில் இவ்வளவுதான்:
பிலோ, உன் பல்வரிசை நல்லா விழுந்திருக்கு.
என் சுண்டுவிரல்தான் ஓரத்துல பாதி போச்சு.
இப்படிக்கு, கால்.

விலாசம் அக்கரைப்பேட்டை, பழைய ஐஸ் கம்பெனி எதிரில்.
கடல் உள்ளே வந்த வருஷத்துக்குப் பிறகு
அந்தத் தெரு இருக்கிறதா,
தெருவில் அவள் இருக்கிறாளா,
தெரியாது. எழுதினேன்.
எச்சில் தொட்டு ஒட்டினேன்.

அந்தப் பெண் முத்திரைக் கட்டையை மையில் ஒற்றி
ஒரு குத்து குத்தினாள்.
தலைப்பாகை மேல் மங்கலாய் விழுந்தது.
தேதி தெரியவில்லை என்று
இன்னொன்று.
இன்னொன்று.

டொக். டொக். டொக்.

கவுண்டருக்குக் கீழே
ரப்பர் செருப்புக்குள்
பத்தும் ஆடின.